காதை நீயே பிடி

தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் என் கையில் பட்டென்று ஓர் அடி போட்டார்.

வலிக்கிற அடி இல்லை, கொசுவைத் தட்டுகிற மாதிரிதான். ஆனால் நான் ஆசிரியப் பயிற்சி முடித்தவன். சலவை வேட்டி கட்டியிருந்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் பதினாறு பேர். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

நான் செய்த குற்றம் இதுதான். முக்காலியில் உட்கார்ந்ததும், அவர் கேட்பதற்கு முன்பாகவே, என் வலக் காதின் மேல்நுனியை இரண்டு விரலால் பிடித்து மேலே தூக்கிக் காட்டினேன்.

"கையை எடுங்க. உங்க காதை நீங்க எதுக்குப் புடிக்கிறீங்க? அது என் வேலை."

காதுக்குள் வெளிச்சம் பாய்ச்ச நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்தார். அவருடைய இடது கை என் காது மடலைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுத்தது. டெட்டால் வாசனை. விரல்கள் குளிர்ந்திருந்தன. என் உடம்பு ஒரு முறை குலுங்கியது.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"அப்ப எதுக்கு ஆடுறீங்க?"

அதற்கான பதிலை இப்போது சொல்கிறேன். கோபமில்லாமல் சொல்லலாம் என்று மூன்று தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன். "ப்ரஷர் ஏறும், விட்டுடுங்கப்பா" என்கிறாள் மகள். ஏறட்டும்.

புதுத்தண்ணீரும் பூண்டு எண்ணெயும்

எங்கள் ஊர் திருவாரூருக்குக் கிழக்கே. பெயர் வேண்டாம். பண்ணையில் வேலை செய்த சனங்கள் நாங்கள். எங்கள் தெரு வாய்க்காலுக்குத் தெற்கே, தனியாக. முப்பத்தெட்டு வீடு. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் இல்லை.

மேட்டூரில் தண்ணீர் திறந்து, எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்கிற முதல் தண்ணீர் காபி நிறத்தில் நுரையும் சருகுமாக வரும். அதில் விழுந்து குளிக்காதவன் ஊரில் கிடையாது. நானும் விழுந்தேன். வலக் காதில் அரிப்பு தொடங்கியது.

காது அரிப்பை எழுத்தில் சொல்ல முடியாது. உள்ளே ஓர் எறும்பு நடந்துவிட்டு நின்று யோசிப்பது போல இருக்கும். விரல் எட்டாது. எட்டாத இடத்துக்கு என்னென்னவோ கொடுத்தார்கள். கொண்டை ஊசி, கோழி இறகு, தீக்குச்சியின் மருந்தில்லாத முனை, பெட்டிச் சாவி. குடைகிற நேரம் சொர்க்கம். எடுத்த பிறகு இரண்டு மடங்கு அரிப்பு.

அப்புறம் எண்ணெய். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டு, கரண்டியில் காய்ச்சி, ஆறவைத்து, அம்மா காதில் விட்டாள். அம்மா பெயர் சின்னப்பொண்ணு. தினமும் விட்டாள். தெருவே பாராட்டியது. அரிப்பு வலியாக மாறியது. மெல்லும்போது தாடை வலித்தது. தலையணையில் மஞ்சள் கறை. ஆட்கள் பேசுவது குடத்துக்குள்ளிருந்து பேசுவதாகக் கேட்டது.

அந்தச் சமயம் பார்த்து வேலைக்கு உத்தரவு வந்தது. கீழத்தஞ்சையில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி, ஆசிரியர். சேரும்போது அரசு டாக்டரிடம் உடல் தகுதிச் சான்று வாங்கிவர வேண்டும். கண் தெரிய வேண்டும், காது கேட்க வேண்டும்.

எனக்குப் பயம் வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. அம்மாவுக்கு இடக் காது கேட்காது. நான் சின்னவனாக இருக்கும்போது சீழ் வடிந்து, வடிந்து, ஒரு நாள் வடிவது நின்றது. கேட்பதும் நின்றது. அவளோடு நடக்கும்போது நான் எப்போதும் வலப் பக்கம்தான் நடப்பேன்.

அதே சீழ் இப்போது என் தலையணையில்.

டார்ச் லைட் டாக்டர்

ஊருக்கு மூன்று மைலில் கடைத்தெரு. அங்கே ஒரு டாக்டர். அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் பெயர் சொல்லவில்லை. புதிதாக வந்திருந்த ஆட்சியின் கட்சிக்காரர். கரை வேட்டி, தோளில் துண்டு, மேடை கிடைத்தால் ஏறிவிடுவார். அடுத்த தேர்தலில் நிற்பார் என்று பேச்சு.

அவர் மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மனிதனை மனிதன் தொட்டால் தீட்டு என்றவனை நாட்டை விட்டு விரட்டுவோம் என்றார். வேப்பமரத்திலிருந்த இரண்டு குழாய் ஒலிபெருக்கியும் அதிர்ந்தன. பதினோரு இடத்தில் கைதட்டல். காது வலியோடு நானும் தட்டினேன்.

இனி அவருடைய வைத்தியத்தைச் சொல்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலி. இந்தப் பக்கம் நாங்கள் நிற்போம். கையில் மூன்று செல் டார்ச்.

"காதைப் புடி. மேல தூக்கு. இன்னும் தூக்கு."

நாங்கள் தூக்குவோம். மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே வெளிச்சம் வந்து காதில் விழும். காது மட்டுமில்லை. கண் என்றால் இமையை நாங்களே கீழே இழுக்க வேண்டும். வயிற்று வலி என்றால், "அமுக்கிப் பாரு, எங்க நோவுது?" என்பார். நாங்களே அமுக்கி, நாங்களே சொல்வோம். காய்ச்சலென்றால் நெற்றியைத் தொட்டு, சுடுகிறதா இல்லையா என்று நாங்களே அறிக்கை கொடுக்க வேண்டும். ஊசி போடுவது கம்பவுண்டர். அந்த ஊசி முனைக்கு மட்டும் எங்களைத் தொட அனுமதி இருந்தது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? வைத்தியம் என்றாலே அப்படித்தான் என்று நாங்கள் நினைத்தோம். எங்கள் தெருப் பிள்ளைகள் டாக்டர் விளையாட்டு விளையாடினால், ஒருத்தன் குச்சியைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நிற்பான். மற்றவன் தன் காதைத் தானே தூக்குவான். நானும் ஆடியிருக்கிறேன். டாக்டராக நின்றிருக்கிறேன், நாலடி தள்ளி.

என் காதுக்கு அவரிடம் நாலு முறை போனேன். "சீழ் புடிச்சிருக்கு" என்று வெள்ளை மாத்திரையும் சொட்டு மருந்தும் எழுதினார். எண்ணெய் விடுகிறாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். காலையில் மருந்து, இரவில் பூண்டு எண்ணெய். இரண்டையும் ஒரு காது தாங்கிக்கொண்டது.

திருகாத காது

இந்த இடத்தில் என் பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறது. ஊர்த்தெருப் பையன்கள் கணக்கில் தப்புச் செய்தால் வாத்தியார் காதைத் திருகுவார். காது சிவந்து, பையன் ஒரு காலில் நிற்பான். எங்கள் தெருப் பையன்கள் ஏழு பேர். நாங்கள் தப்புச் செய்தால் பிரம்பு. நீளமான பிரம்பு.

போன வாரம் இதே பத்தியில் விடுதிச் சாப்பாட்டைத் திட்டி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், உங்களுக்கு நல்லதே கண்ணில் படாதா என்று கேட்டிருக்கிறார். பட்டது, ஐயா. அந்த வாத்தியார் எங்கள் காதைத் திருகாமல் விட்டதை நான் நல்லதாகத்தான் எண்ணினேன். நாங்கள் நன்றாகப் படிப்பதால் எங்களுக்கு ஒரு மரியாதை என்றுகூட நினைத்தேன். ஏழு பேரின் பதினாலு காதுக்கும் ஐந்து வருடத்தில் ஒரு திருகல் கிடையாது.

தஞ்சாவூரில் அந்தப் பெண் டாக்டர் மடலைப் பிடித்து இழுத்தபோது என் உடம்பு ஏன் குலுங்கியது என்று இப்போது தெரிந்திருக்கும்.

"எல்லாருமா?"

அவர் ஒரு சின்னப் புனலைக் காதில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எண்ணெய் ஊத்துனீங்களா?"

"ஆமாங்க. பூண்டு போட்டு."

"நல்லா பயிர் பண்ணியிருக்கீங்க. உள்ள காளான் புடிச்சிருக்கு. தண்ணியில ஊறின நியூஸ்பேப்பர் மாதிரி கிடக்கு. வேற டாக்டர் யாரும் பார்க்கலையா?"

"பார்த்தாருங்க. டார்ச் அடிச்சு."

"காதை இழுத்துப் பார்த்திருந்தா இது தெரிஞ்சிருக்குமே. இழுக்கலையா?"

"நான்தாங்க இழுத்துப் புடிச்சிருந்தேன். அவரு மேசைக்கு அந்தப் பக்கம்."

அவர் கை நின்றது.

"நீங்க ஏன் புடிச்சீங்க?"

"எங்க டாக்டர்கிட்ட நோயாளிதாங்க புடிச்சுக்கணும்."

புனலை வெளியே எடுத்தார். பிறகு மெதுவாக, வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"எல்லாருமா?"

நான் படித்தவன். எதையும் எண்ணிப் பார்க்கிற புத்தி சின்ன வயதிலிருந்தே உண்டு. எங்கள் தெருவில் எத்தனை முருங்கை, வாய்க்காலில் எத்தனை மதகு என்று கேட்டால் உடனே சொல்வேன். இந்த ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

அவர் பஞ்சு சுற்றிய கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். கறுப்பும் சாம்பலுமாக வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கடைசித் துணுக்கு வந்ததும் வெளியே ஒரு குழந்தை அழுவது கேட்டது, யாரோ வாளியை இழுப்பது கேட்டது.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஜவ்வு ஓட்டையாகியிருக்கும். எண்ணெய், தண்ணி, குச்சி, எதுவும் காதுக்குள்ள போகக்கூடாது. சொல்லிட்டேன்."

சொன்னபடி நடந்தேன். மறுபடி போனபோது, காது கேட்கிறதா என்று பார்க்க, எனக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தார். நான் அத்தனையையும் திருப்பிச் சொன்னேன். சான்றில் கையெழுத்து விழுந்தது. வேலையில் சேர்ந்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்து எண்ணியது

"எல்லாருமா?" என்னை விடவில்லை. ஒரு சனிக்கிழமை காலை கடைத்தெரு டாக்டரின் கிளினிக்குப் போனேன். உள்ளறை ஜன்னலுக்கு எதிரே ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்துகொண்டேன்.

மதியம் வரை முப்பத்தொரு பேர் வந்தார்கள். டாக்டர் மளிகைக்காரரின் நாடியைப் பிடித்தார். மிராசுதார் வீட்டு அம்மாவின் இமையைக் கட்டை விரலால் இறக்கிப் பார்த்தார். துணிக்கடை பாயின் பேரன் காதை இழுத்தார், ஆம், காதை, மேலும் பின்னுமாக, தஞ்சாவூரில் இழுத்த மாதிரியே. இருபது பேரைத் தொட்டார். பதினோரு பேரைத் தொடவில்லை. அந்தப் பதினோரு பேரும் எந்தெந்தத் தெரு என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

கைதட்டல் விழுந்ததும் பதினோரு இடத்தில்தான். ஏனோ அது என் மண்டைக்குள் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தால் அம்மா கொண்டை ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். வலக் காதைக் குடைந்துகொண்டிருந்தாள். கேட்கிற காது, இருக்கிற ஒரே காது.

"என்னம்மா பண்றே?"

"அரிக்குதுடா. உனக்குக் காச்சுன எண்ணெ மிச்சம் கெடந்துச்சு. கீழ ஊத்துறதான்னு நாந்தான் ரெண்டு நாளா விட்டுக்கிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த எண்ணெய்க் கிண்ணத்தை வாய்க்கால் வரைக்கும் வீசினேன். நடவு நேரம். தஞ்சாவூருக்கு வா என்றால் வரமாட்டாள். அந்தக் காதும் போய்விட்டால் என்ன செய்வாள்? நடவில் பாட்டுக்குப் பின்பாட்டு எடுப்பவள் அவள்.

எங்கள் தெருவில் விவசாயக் கூலிகள் சங்கத்தை நடத்தியவர் வீரையன் மாமா. அதற்கு முந்தைய அறுவடையில்தான் கூலி நெல் கூட்டிக் கேட்டுப் பெரிய தகராறு. பண்ணை வெளியாட்களைக் கொண்டுவந்தது, போலீஸ் வந்தது. எங்கள் ஆட்கள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, கையைக் கட்டி, வரப்பில் வரிசையாக நின்றார்கள். திட்டவில்லை, ஓடவில்லை, அறுக்கவும் இல்லை. கடைசியில் கூலி கூடியது. மாமாவிடம் என் முப்பத்தொரு பேர் கணக்கைச் சொன்னேன்.

"நெல்லுக்கு நின்னோம் சரி. காதுக்கு நிக்கிறதாடா?" என்று சிரித்தார்.

"ஏன் மாமா, காது நம்முதுதானே?"

சிரிப்பு நின்றது. "ஆயுசு பூரா நானே என் வயித்தை அமுக்கிக்கிட்டு நின்னிருக்கேனேடா" என்றார். வெற்றிலையைத் துப்பினார். "திங்கக்கெழம உங்கம்மாவக் கூட்டிக்க. எல்லாரும் வாரோம்."

மேசையைச் சுற்றி

ஒன்பது பேர் போனோம். அம்மா முன்னால். நான் பக்கத்தில். மற்றவர்கள் வாசற்படி வரை.

"வா சின்னப்பொண்ணு. என்ன?"

"சோத்துக்கைப் பக்கத்துக் காதுங்கய்யா."

"புடி." டார்ச்சை எடுத்துவிட்டார்.

அம்மாவின் கை முந்தானைக்குள் இருந்தது. அசையவில்லை.

"புடின்னேன்."

"நீங்க புடிங்கய்யா."

"என்னது?"

"நேத்து நடவுங்க. கையத் தூக்க முடியல."

பொய். அன்று காலை இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தவள்.

"அப்ப உன் மவன் புடிக்கட்டும்."

நான் கையைக் கட்டிக்கொண்டேன். "எனக்கும் கை வலிங்க, டாக்டர்."

"நீயும் நட்டியா? வாத்தியார்தானே நீ?"

வாசலிலிருந்து வீரையன் மாமா குரல் வந்தது. "எங்க ஒம்பது பேருக்கும் கை வலிதாங்க. எங்க பக்கம் ஒரு மாதிரி காத்து அடிக்குது."

பெஞ்சில் மளிகைக்காரர் களுக்கென்று சிரித்தார். டாக்டர் கம்பவுண்டரைக் கூப்பிட்டார். "கை பூரா களிம்பு சார்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அது நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டாக்டர் வாசலைப் பார்த்தார். கைகட்டி நின்ற ஆட்களைப் பார்த்தார். அவர்களுக்கும் ஓட்டு உண்டு என்பது ஞாபகம் வந்திருக்கும். வேறு எதுவும் ஞாபகம் வந்திருந்தால் அவருக்கு நல்லது. எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். அந்த மேசைக்கு இந்தப் பக்கம் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. ஆள் குள்ளம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுப்பிலிருந்து துணியில்லாமல் பாத்திரம் இறக்குகிறவர் போல இரண்டு விரலால் அம்மாவின் காதைத் தொட்டார். சரியாகத் தெரியவில்லை. மூன்றாவது விரலையும் சேர்த்து இழுத்தார். குனிந்தார். உள்ளே எதையோ கண்டிருக்க வேண்டும், முகம் மாறிவிட்டது. "பஞ்சு கொண்டா" என்று கத்தினார். சுத்தமாகத் துடைத்து எடுத்தார். ஒரு துணுக்கு விடவில்லை.

"எண்ணெ கிண்ணெ ஊத்தாதே. தப்பிச்சே. இது சரியாயிடும்."

வைத்தியம் தெரிந்த மனிதர். எனக்கு ஆறாதது அதுதான். தெரியாமல் விட்டிருந்தால் மன்னித்திருப்பேன். இழுக்கத் தெரியும், பார்க்கத் தெரியும், துடைக்கத் தெரியும். அத்தனையும் அந்த விரல்களில் இருந்தது. மேசையின் அகலத்துக்கு அப்பால் இத்தனை வருடமும் சும்மா இருந்தது.

கை பட்டது பட்டுவிட்டது என்றோ என்னவோ, அவராகவே அம்மாவின் தலையைத் திருப்பி இடக் காதையும் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கேட்காத அந்தக் காதுப் பக்கம் நின்றபடியே ஏதோ சொன்னார், எனக்குக் கேட்டது. பிறகு போய்க் கையைக் கழுவினார். சனிக்கிழமை மளிகைக்காரரைப் பார்த்த பிறகு கழுவவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

மெத்தென்ற கை

திரும்பி வரும்போது மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். வாய்க்கால் கரையில் நானும் அம்மாவும். நான் வழக்கம்போல அவளுடைய வலப் பக்கம்.

"தம்பி, அவரு கை மெத்துன்னு இருக்குடா. பச்சப்புள்ள கால் மாதிரி."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

"எதுக்குடா உர்ருன்னு வாரே? அதான் புடிச்சாருல்ல?"

"பிடிச்சாரு."

"ஆமா, இந்தப் பக்கம் பார்த்தாரே, என்னமோ சொன்னாரே. என்ன சொன்னாரு?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். அவள் நின்றுவிட்டாள். சொல்லாமல் நகரமாட்டாள் என்று தெரிந்தது.

"ஜவ்வு எப்பவோ போயிட்டுதாம். இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம்." வாய்க்காலைப் பார்த்துக்கொண்டேன். "முன்னாடியே காட்டியிருக்கணுமாம்."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். முன்னால் போன வீரையன் மாமா திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"காட்டிக்கிட்டேதானடா நின்னேன்" என்றாள்.

எப்படி நின்றாள் என்று எனக்குக் காட்டுவதற்காக, கேட்காத அந்த இடக் காதின் நுனியை இரண்டு விரலால் பிடித்து, மேலே தூக்கிக்கொண்டு, கரையில் அப்படியே நின்றாள்.